தமிழில் மட்டும் இருந்த வசனம்

பதினான்கு வருடமாக என் மேசையில் இருக்கும் முக்கியமான கருவி ஓர் அடிமட்டம். கணினியும் தொலைபேசியும் இருக்கின்றனதான். ஆனால் கம்பனி என்னை எதற்காக வைத்திருக்கிறது என்று யாராவது கேட்டால் அடிமட்டத்தைத்தான் எடுத்துக் காட்டவேண்டும். காலையில் தமிழ்ப் பத்திரிகைகள் வரும். எங்கள் வாடிக்கையாளர்களைப் பற்றிய செய்தி எங்கே வந்திருக்கிறது என்று தேடுவேன், வெட்டுவேன், எத்தனை சென்ரிமீற்றர் என்று அளப்பேன். அவ்வளவு இடத்தில் விளம்பரம் போட்டிருந்தால் என்ன செலவு வந்திருக்கும் என்று பெருக்கி, அல்பத்தில் ஒட்டி, மாத முடிவில் அனுப்புவோம். கொள்ளுப்பிட்டியில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு மக்கள் தொடர்பு நிறுவனம் தான் உழைத்ததை இப்படித்தான் காட்டிக்கொள்கிறது.

அளக்காத நேரத்தில் மொழிபெயர்ப்பேன். ஆங்கில அறிக்கையை மூன்று நாள் இருந்து எழுதுவார்கள். சிங்களத்துக்கு ஒரு நாள். தமிழ் என்னிடம் பிற்பகல் மூன்றரைக்கு வரும், நான்கு மணிக்குப் போகவேண்டும். அறிக்கையின் அடியில் 'மேலதிக விபரங்களுக்கு' என்று ஒரு பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்கும். தமிழ் அறிக்கையிலும் அதே பெயர், அதே இலக்கம். தமிழ்ப் பத்திரிகைக்காரர் யாராவது அந்த இலக்கத்துக்கு எடுத்தால், இலக்கத்துக்கு உரியவர் ஒரு ஹலோ சொல்லிவிட்டு, எழும்பி வந்து, தன் கைத்தொலைபேசியை என் காதில் வைப்பார். எத்தனை பேருடைய தொலைபேசியில் கதைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. என் பெயர் மட்டும் ஓர் அறிக்கையிலும் வந்ததில்லை.

மார்ச் மாதத் தொடக்கத்தில் பிரியந்தன் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர் எங்கள் புது இயக்குநர். முப்பத்திநாலு வயது, லண்டனில் படித்தவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நல்ல பிள்ளை. கெட்ட செய்தி சொல்லப்போகிறவர் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

"அக்கா, ஏப்ரலில இருந்து ஒரு புது பொலிசி. கிளையன்ற் வேலை செய்யிற எல்லாருக்கும் இந்தத் துறையில புரொஃபெஷனல் குவாலிஃபிகேஷன் இருக்கவேணும். இல்லாட்டி குறைஞ்சது ஒரு கோர்ஸில சேர்ந்திருக்கவேணும்."

"இல்லாத ஆக்கள்?"

"நிரந்தரமா வச்சிருக்கேலாது. ஃப்ரீலான்ஸ்."

"ஃப்ரீலான்ஸ் எண்டால் எப்பிடி, தம்பி?"

அவர் மேசையைப் பார்த்தார். "சொல்லுக்கு இவ்வளவு எண்டு."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. நாற்பத்தொரு வயதில் என்னைச் சொல் சொல்லாக எண்ணி வாங்கப்போகிறார்கள். ஆனால் கோபத்தை அங்கே இறக்கி என்ன பயன். "சேருறன். எங்க, என்ன எண்டதை மட்டும் சொல்லுங்கோ," என்றேன்.

அவர் சொன்ன நிறுவகத்தின் விண்ணப்பத்தை அன்றைக்கே எடுத்து வாசித்தேன். மக்கள் தொடர்பில் தொழில்சார் டிப்ளோமா, ஒன்றரை வருடம், சனிக்கிழமைகளில் வகுப்பு. உள்ளே போக இரண்டு வழி. ஒன்று, உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடச் சித்தி. நான் கணக்கியலில் எஃப் எடுத்தவள், அதுவும் இரண்டு தடவை. அந்தக் கதவு பூட்டு. மற்றது, பத்து வருட அனுபவம். அதற்கு வேலை கொடுத்தவரின் கடிதம் வேண்டும். அதோடு, நானே முன்னின்று செய்த ஒரு வேலையை அதன் பலனோடு நேர்முகத்தில் காட்டவேண்டும். பலன் 'அளக்கக்கூடியதாக' இருக்கவேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். நேர்முகம் மார்ச் கடைசிச் சனிக்கிழமை.

கடிதத்துக்குப் பிரியந்தனிடம் போனேன். அவர் கணினியில் என் ஊழியர் கோவையைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினார். பதவி: மொழிபெயர்ப்பாளர்.

"பதினாலு வருசமா மொழிபெயர்ப்பாளர் எண்டு எழுதித் தரலாம் அக்கா. மற்றதை நான் எப்பிடி எழுதுறது?"

"பிஸ்கட் விசயம் நான் செய்தது. ஒஃபிஸில எல்லாருக்கும் தெரியும்."

"நான் அப்ப இங்க இல்லை. ட்ரொஃபியில நிருஷான்ர பேர்தான் இருக்கு. தெரியாததுக்கு நான் கையெழுத்து வைக்கேலாது."

அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒரு வரிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிஸ்கட் விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போது எங்கள் வாடிக்கையாளராக இருந்த அந்த பிஸ்கட் கம்பனியின் பெயர் வேண்டாம், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெப்ரவரி, புதன்கிழமை. வத்தளைப் பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய தொழிற்சாலையில், பொதி கட்டும் பிரிவிலிருந்து நாற்பத்திரண்டு பெண்கள் வாந்தியும் வயிற்றோட்டமுமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பாதிக்கு மேல் மலையகத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையிலும் வத்தளையிலும் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். மறுநாள் காலை நிருஷா, அப்போதைய இயக்குநர், ஆங்கில அறிக்கையை என் மேசையில் வைத்தார். சில ஊழியர்கள் வெளியிலிருந்து கொண்டுவந்த உணவினால் இலேசான அசௌகரியத்துக்கு உள்ளானார்களாம். தமிழாக்கவேண்டும்.

நாற்பத்திரண்டு பேரும் ஒரே பார்சலையா பிரித்துச் சாப்பிட்டார்கள்? நான் ஸவாஹிர் நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் செய்தி ஆசிரியர். அவரிடம் வார்ட்டில் எடுத்த படமே இருந்தது, ஒரு கட்டிலில் இரண்டு பேராகக் கிடக்கும் பெண்கள். அந்தப் படத்தில் இருந்த ஒருத்தியின் இலக்கத்தையும் தந்தார். பாக்கியலெட்சுமி. எடுத்தேன். குரல் எழும்பாமல்தான் பேசினாள்.

"மூணு நாளா தண்ணி நாறுதுன்னு சொன்னோம் மிஸ். தொட்டிய தொறந்துகூட பாக்கல."

பிறகு ஸவாஹிர் நானா சொன்னார்: "தங்கச்சி, அவங்க வெளிச் சாப்பாடு எண்டுதான் செல்லுவாங்க. செல்லட்டும். அறிக்கையையும் படத்தையும் முன்பக்கத்தில கிட்டக் கிட்டப் போடுறேன்." மாலை ஐந்து மணி வரைக்கும் பொறுக்கச் சொன்னேன். அதற்குள் கம்பனியே உண்மையைச் சொல்லும் என்று வாக்குக் கொடுத்தேன். என்ன துணிவில் கொடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

நிருஷாவிடம் இதை மொழிபெயர்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு நீர்கொழும்பு பஸ் எடுத்து வத்தளையில் இறங்கினேன். மனேஜரின் அறைக்குப் போய்ச் சிங்களத்தில் சொன்னேன்: இந்த அறிக்கை போனால் நாளைக்கு உங்கள் பொய்யும் அவர்கள் படமும் ஒரே பக்கத்தில் வரும். முதலில் தொட்டியைத் திறந்து பாருங்கள். திறந்தார்கள். உள்ளே என்ன கிடந்தது என்று எழுதமாட்டேன், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டு வாசிக்கலாம். மனேஜர் அங்கே நின்றே நிருஷாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தவறு எங்களுடையது, தொட்டி துப்புரவாக்கப்படும், ஆஸ்பத்திரிச் செலவும் சம்பளமும் எங்கள் பொறுப்பு என்று நிருஷா ஆங்கிலத்தை மாற்றி அனுப்பினார். சிங்களம் எங்கள் கந்தோரிலிருந்து வந்தது. தமிழை நான் அங்கேயே, ஒரு கிளார்க்கின் கணினியில் இருந்து எழுதினேன். மனேஜர் மூன்றிலும் கையெழுத்து வைத்தார். பிரதிகளைத் தொழிற்சாலை உணவகத்தில் ஒட்டினார்கள். ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க ஸவாஹிர் நானாவின் கையில் தமிழ் இருந்தது.

மறுநாள் உட்பக்கத்தில் சின்னச் செய்தி. படம் வரவில்லை. அந்த வருடம் நெருக்கடி முகாமைத்துவத்துக்காக எங்கள் கம்பனிக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கிடைத்தது. நிருஷா மெல்பேர்னுக்குப் போய்விட்டார், கேடயம் வரவேற்பறையில் நிற்கிறது.

அந்தத் தமிழ் அறிக்கையில் நான் இன்னொரு வேலையும் பார்த்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. இடம் வரும்போது சொல்கிறேன்.

பழைய அல்பத்தை எடுத்து அந்தச் செய்தியை அடிமட்டத்தால் அளந்தேன். ஆறு சென்ரிமீற்றர். என் தொழில் வாழ்க்கையின் பெரிய வேலை என் சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது. வந்த செய்தியை அளக்கலாம். வராமல் போன முன்பக்கத்தை எதால் அளப்பது?

வெள்ளவத்தை வீட்டில் என் கணவர் லவனிடம் சொன்னேன். அவர் மருந்துக்கடையில் நின்று வந்த அலுப்பில் கால் நீட்டி இருந்தார். "சொல்லுக்கு எவ்வளவு தருவினமாம்? நீர் கதைக்கிற கதைக்கு நாங்கள் மாடிவீடு கட்டலாம்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டார். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன். யாரிடமாவது எழுத்தில் வாங்காமல் விடுவதில்லை.

முதலில் கிராண்ட்பாஸில் ஸவாஹிர் நானாவின் கந்தோர். விசயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நான் என்னெண்டு எழுதித் தர? ஒரு கம்பனிக்கார பொம்புள கேட்டாங்க, அதுக்காக நான் செய்திய ஐஞ்சு மணி மட்டும் நிப்பாட்டி வெச்சேன் எண்டா? அந்தக் கடிதம் வெளிய போனா, உங்களுக்குப் படிப்பு கெடைக்கும், எனக்கு வேல போகும் தங்கச்சி."

"உண்மைதானே நானா."

"உண்மைதான். உண்மையெல்லாம் எழுதித் தர ஏலுமா?" அவர் கணினியில் தேடி, அச்சிடாத அந்தப் படத்தை என் கைத்தொலைபேசிக்கு அனுப்பினார். "இத வெச்சுக்கோங்க. ஆனா காட்ட முந்தி அந்தப் பிள்ளைட்ட ஒரு சொல்லுக் கேளுங்க. படத்தில ஈக்கிறது அவ."

கேட்காமல் காட்ட எனக்கும் மனமில்லை. நேர்முகத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில், இரும்புக்கடைக்கு மேலே, நான்கு பெண்கள் சேர்ந்திருக்கும் அறை. பாக்கியலெட்சுமிக்கு முப்பது வயதிருக்கும். கொடியில் காய்ந்த சீருடைகளை ஒதுக்கி எனக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரை போட்டாள். தான் கட்டில் விளிம்பில் இருந்தாள். படத்தைக் காட்டினேன். பார்த்த உடனே கைத்தொலைபேசியைக் கவிழ்த்து என் மடியில் வைத்துவிட்டாள்.

"இத யாருக்கும் காட்ட வேணாம் மிஸ். சட்ட வெலகிக் கெடக்குறேன்."

"இல்லை, காட்டமாட்டன்." அவள் கண்முன்னே அழித்தேன். என் கையிலிருந்த ஒரே சாட்சியும் அதோடு போயிற்று.

எதற்காக வந்தேன் என்று கேட்டாள், சொன்னேன். கம்பனி ஆட்கள் கம்பனியிடம்தானே கடிதம் வாங்கவேண்டும் என்றாள். குத்திச் சொன்னதாகத் தெரியவில்லை. பிறகு எழும்பி, தன் கைப்பையைத் திறந்து, லமினேற் செய்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். என்னுடைய தமிழ் அறிக்கை. மனேஜரின் கையெழுத்தோடு. உணவகப் பலகையில் இருந்ததைக் கழற்றி வைத்திருக்கிறாள். ஒரு வசனத்தின் கீழே சிவப்புப் பேனையால் கோடு.

'தொழிற்சாலையின் குடிநீர் மாதந்தோறும் பரிசோதிக்கப்பட்டு, அதன் பெறுபேறு ஒவ்வொரு மாதமும் முதல் வேலைநாளில் உணவகத்தில் ஊழியர்களின் பார்வைக்கு வைக்கப்படும்.'

இதுதான் நான் பார்த்த அந்த இன்னொரு வேலை. அந்த வசனம் ஆங்கிலத்தில் இல்லை. சிங்களத்தில் இல்லை. யாரும் என்னிடம் எழுதச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கதைத்தபோது பாக்கியலெட்சுமி கடைசியாகச் சொன்னது, "இன்னைக்கு எல்லாம் சொல்லுவாங்க மிஸ், அடுத்த மாசம் மறந்துருவாங்க." கிளார்க்கின் கணினிக்கு முன்னால் இருந்தபோது அது காதில் நின்றது. நான் அந்த வசனத்தைப் போட்டேன். மனேஜருக்குத் தமிழ் தெரியாது. நிருஷாவுக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. எங்கள் கந்தோரில் தமிழ் அறிக்கையை வாசித்துப் பார்க்கிற பழக்கமே இல்லை. ஒருவர் சொன்னதை மற்ற மொழியில் சொல்வதுதான் என் தொழில். அன்றைக்கு நான் மனேஜர் சொல்லாததை எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கினேன். பிறகு மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

"மூணு மாசமா ஒண்ணும் ஒட்டல," என்றாள் பாக்கியலெட்சுமி. "அப்புறம் நாங்க பன்னெண்டு பேரு இந்தத் தாள எடுத்துக்கிட்டு மனேஜர்கிட்ட போனோம். நான் அப்புடி சொல்லவே இல்லன்னாரு. கையெழுத்து யாருதுங்க சேர்னு கேட்டோம். தமிழ் தெரிஞ்ச கிளார்க்க கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாரு. அடுத்த மாசம் ஒட்டுனாங்க."

"பிறகு?"

தன் கைத்தொலைபேசியைத் திறந்து காட்டினாள். மாதாமாதம் ஒட்டிய பரிசோதனை அறிக்கைகளின் படங்கள். எண்ணினேன், இருபத்திரண்டு. "ஒரு மாசமும் தவறல. போன வருசம் மே மாசம் ரெண்டு நாள் பிந்துச்சு. அதையும் நாங்க விடல."

கண் கலங்கிவிட்டது. பெருமை பாதி, பயம் பாதி. ஆறு சென்ரிமீற்றர் என்று நான் அளந்து ஒட்டிய வேலை இருபத்திரண்டு மாதமாக இவர்கள் குடிக்கிற தண்ணீரில் நடந்துகொண்டிருந்திருக்கிறது. அளக்கக்கூடிய பலன் வேண்டுமென்றால் இதைவிட என்ன வேண்டும். ஆனால் அதைக் காட்டினால் அது எப்படி வந்தது என்றும் காட்டவேண்டும்.

படங்களை எனக்கு அனுப்பினாள். தாளையும் தந்தாள். "அடுத்த ஞாயித்துக்கெழம கண்டிப்பா திருப்பிக் கொண்டாந்துருங்க மிஸ். திங்கக்கெழம ரிப்போட் ஒட்ற நாளு. அன்னைக்கு இது என் பேக்குல இருக்கணும்."

மூன்று நாள் யோசித்தேன். சொல்லாமலும் விடலாம். நேர்முகத்தில் இருப்பவர்கள் தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்து வாசிப்பார்கள் என்று என்ன நிச்சயம்? இவ்வளவு காலமும் ஒருவரும் வாசிக்கவில்லை. ஆனால் வாசிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் செய்ததைச் சொல்லாமல் ஒரு தகுதி வாங்கினால், அந்தத் தகுதி எனக்கு எதற்கு? புதன்கிழமை மனேஜருக்குத் தொலைபேசி எடுத்து, சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. "அவர்கள் தாளைக் கொண்டுவந்த அந்த மே மாதமே எனக்குத் தெரியும்," என்றார். "நாங்கள் ஏன் உங்கள் நிறுவனத்தை விட்டு வேறிடம் போனோம் என்று நினைக்கிறீர்கள்?" விலை கட்டுப்படியாகாமல் போனார்கள் என்றுதான் எங்கள் கந்தோரில் எல்லாரும் நினைத்திருந்தோம். "பரிசோதனையை நான் நிறுத்தவில்லை. அது தேவையானதுதான். ஆனால் நீங்கள் கேட்டிருந்தால் நான் கையெழுத்து வைத்திருப்பேன். நீங்கள் கேட்கவில்லை." மன்னிப்புக் கேட்டேன். சனிக்கிழமை இதை நேர்முகத்தில் சொல்லப்போகிறேன் என்றேன். கடிதம் தரமாட்டேன் என்றார். கம்பனியின் பெயரை எங்கேயும் சொல்லவேண்டாம் என்றார். அந்த வாக்கைத்தான் இங்கேயும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது பிரியந்தன். கதவைச் சாத்திவிட்டு, தாளையும் படங்களையும் காட்டிச் சொன்னேன். ஒரு வாடிக்கையாளர் போனது என்னால்தான் என்பதையும் சொன்னேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். "இதை ஏன் அக்கா எனக்குச் சொல்றீங்கள்?"

"அங்க சொல்லப்போறன். வெளியில ஆரும் சொல்லி உங்களுக்குத் தெரியவரக்கூடாது."

"இதுக்காக நான் உங்களை இப்பவே நிப்பாட்டலாம், தெரியுமோ?"

"ஓம்."

"அந்தக் கடிதத்தைக் கொண்டுவாங்கோ."

கொண்டுவந்து கொடுத்தேன். கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். கிழித்தார்தான். பிறகு கணினியில் புதிதாக ஒன்று அடித்தார். மொழிபெயர்ப்பாளராகப் பதிவு செய்யப்பட்டிருந்தும் அந்த நெருக்கடியைத் தனியாகக் கையாண்டவர் இவர், அதில் செய்த பெரிய தவறையும் தானே வந்து சொன்னவர் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"அண்டைக்கு எனக்குத் தெரியாது. இப்ப தெரியும். தெரிஞ்சதை எழுதலாம்," என்றார். "ஆனா அங்க உங்களை எடுக்காட்டி, நான் ஒண்டும் செய்யேலாது அக்கா."

சனிக்கிழமை நேர்முகத்தில் மூன்று பேர். நடுவில் தலைவியாக ஒரு சிங்கள அம்மா, தலை முழுக்க நரை. ஒரு பக்கம் குறிப்பு எடுக்கும் இளைஞர். மறுபக்கம் கனகசபாபதி என்ற பெரியவர், வங்கி ஒன்றில் மக்கள் தொடர்புக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முன்னால் என் தமிழ் அறிக்கையின் பிரதியும் ஆங்கில அறிக்கையின் பிரதியும் அருகருகே இருந்தன, இரண்டிலும் கம்பனியின் பெயரைக் கறுப்பால் மறைத்திருந்தேன். அவர் விரல் தமிழில் சிவப்புக் கோட்டின் மேல் நின்றது. அவர் வாய் திறக்குமுன் நான் தொடங்கினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, ஐந்து மணி, வசனம், இருபத்திரண்டு மாதம், மனேஜரின் தொலைபேசி. ஆங்கிலத்தில் தொடங்கி, நடுவில் சிங்களத்துக்குப் போய், தமிழில் முடித்தேன். யாரும் இடையில் மறிக்கவில்லை.

தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வாடிக்கையாளர் அறியாமல் அவர் பெயரில் ஒரு வாக்குறுதி கொடுத்திருக்கிறீர்கள். உங்களை நிராகரிக்க இது ஒன்றே போதும். விளங்குகிறதா?"

"விளங்குகிறது."

"அப்படியும் ஏன் இதைக் கொண்டுவந்தீர்கள்?"

"நான் செய்த வேலைகளில் பலன் உள்ளது இதுதான். தவறும் இதில்தான். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க எனக்குத் தெரியவில்லை."

கனகசபாபதி தமிழில் கேட்டார். "பிள்ளை, நாளைக்கு அதே மாதிரி ஒரு நாள் வருது எண்டு வையுங்கோ. அதே தொட்டி, அதே மனேஜர், அதே ஐஞ்சு மணி. அந்த வசனத்தைப் போடுவீங்களோ, விடுவீங்களோ?"

விடுவேன் என்று சொன்னால் அவர்களுக்குப் பிடிக்கும் என்று தெரியும். பாக்கியலெட்சுமியின் கைப்பை நினைவுக்கு வந்தது.

"போடுவன் சேர். ஆனா மூண்டு மொழியிலயும் போடுவன். வாசிச்சுக் காட்டிப்போட்டுத்தான் கையெழுத்துக் கேப்பன். வைக்கமாட்டன் எண்டால், ஐஞ்சு மணி மட்டும் அங்கேயே இருந்து வாதாடுவன்."

அவர் அதைத் தலைவிக்கு ஆங்கிலத்தில் சொன்னார். நான் கூர்ந்து கேட்டேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். கால் மணி நேரம். திரும்பக் கூப்பிட்டபோது தலைவி ஒரு தாளைத் தள்ளினார். அனுமதி உண்டு, ஒரு நிபந்தனையோடு. தொழில் ஒழுக்கநெறி இறுதிப் பருவத்தில் வரும் பாடம். எனக்கு மட்டும் அது முதல் பாடம். அதில் சித்தியடையாவிட்டால் மற்றப் பாடங்களுக்கு இருக்கமுடியாது.

"வகுப்பு எட்டரைக்கு. பிந்தி வருபவர்களை எடுப்பதில்லை," என்றார்.

பிரியந்தனுக்குத் தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். 'திங்கள் உங்கட புது டெசிக்னேஷனைக் கதைப்பம்' என்று பதில் வந்தது. லவனுக்கும் அனுப்பினேன். மாடிவீடு இனி இல்லையா என்று கேட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பாக்கியலெட்சுமி தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பி, கோடும் கையெழுத்தும் இருக்கின்றனவா என்று பார்த்து, பைக்குள் வைத்தாள். பிறகுதான் கேட்டாள்.

"பாஸாங்க மிஸ்?"

"உள்ள எடுத்திருக்கினம். இனித்தான் பாஸ் பண்ணவேணும்."

"மிஸ், நைட் ஷிப்ட்ல சிங்களப் புள்ளைங்க நெறைய வந்துருச்சுங்க. நாங்க ரிப்போட் கேட்டா, எங்க நோட்டீஸ்ல அப்புடி ஒண்ணும் இல்லையேன்னு கேக்குதுங்க. அதுங்களுக்கும் அதே தண்ணிதானே. அந்த வசனத்த சிங்களத்துலயும் எழுதித் தாங்க. கையெழுத்த நாங்க வாங்கிக்கிறோம்."

"இந்த முறை மனேஜர் வாசிப்பார்."

"வாசிக்கட்டும் மிஸ். வாசிச்சுட்டு போட மாட்டேன்னா, ஏன் போடலன்னு எழுதித் தரச் சொல்லுவோம்."

அவள் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தந்தாள். மடியில் வைத்து எழுதினேன். மேலே சிங்களம், நடுவில் தமிழ், அதன் கீழ் ஆங்கிலம். மூன்றும் ஒரே அளவுதானா என்று ஒரு தடவை சரிபார்த்தேன். அடியில், கை பழகிய பழக்கத்தில், 'மேலதிக விபரங்களுக்கு' என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். பிறகு ஒரு பெயரையும் இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தேன்.

பாக்கியலெட்சுமி ஒவ்வோர் இலக்கமாக வாசித்துப் பார்த்தாள்.

"சுபோதினி. இது யாரு மிஸ்?"

"நான்தான்," என்றேன். "எந்த நேரமும் எடுக்கச் சொல்லுங்கோ. நான்தான் கதைப்பன்."